உஷார்! பிப்ரவரியில் திறக்கும் பூட்டு

வீட்டில் பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கிற பிள்ளை இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த கையோடு அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். “ஜூனிலிருந்து இன்றைக்கு வரை பள்ளி ஆய்வகத்துக்குள் எத்தனை முறை போயிருக்கிறாய்?”

“இன்னும் திறக்கலை. பிராக்டிகலுக்கு முன்னாடி திறப்பாங்க” என்று பதில் வந்தால் உஷாராகிவிடுங்கள். ஆபத்து அந்த ‘முன்னாடி’யில்தான் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. அந்த 25இல் 15 எடுத்தால்தான் தேர்ச்சி. பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியலில் எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. செய்முறை மதிப்பெண்ணைப் பற்றிப் பெற்றோர் யாரும் கவலைப்படுவதில்லை. எப்படியும் போட்டுவிடுவார்கள் என்கிற நம்பிக்கை. பாடம் முடிக்க நேரமில்லை, ஆய்வக உதவியாளர் இல்லை, வேதிப்பொருள் வாங்கப் பணம் வரவில்லை என்று பல பள்ளிகளுக்குச் சொல்லக் காரணங்களும் உண்டு. நீட் வந்த பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அந்தத் தேர்வின் 180 கேள்விகளில் எதற்கும் பிள்ளை சோதனைக் குழாயைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. பிறகு எதற்கு ஆய்வகம்?

இப்படி ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கிற அறையை, பிப்ரவரியில் வரும் செய்முறைத் தேர்வுக்குச் சில நாள் முன்பு திறக்கிறார்கள். தூசி தட்டுகிறார்கள். நாற்பது, ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் உள்ளே போகிறார்கள். அதுவரை ஸ்பிரிட் விளக்கைக்கூடப் பற்றவைத்திராத கைகள், முதல் நாளே அடர் கந்தக அமிலப் பாட்டிலைத் தூக்குகின்றன.

“சார், இதுல தண்ணி ஊத்தணுமா?”

“ரெக்கார்டுல என்ன எழுதியிருக்கே, பாரு.”

ரெக்கார்டு நோட்டோ சீனியர் அக்காவுடைய நோட்டைப் பார்த்து எழுதியது. அதில் முடிவு மட்டும் இருக்கும், முறை இருக்காது. இந்த அவசரத்தில் என்னென்ன நடக்கலாம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீரில்தான் ஆசிட்

அடர் கந்தக அமிலம் தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனமானது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இதற்கு 1.84. அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும். இரண்டும் சேருமிடத்தில் எக்கச்சக்கமான வெப்பம் கிளம்பும். மேலே நிற்கிற தண்ணீர் ஒரு நொடியில் கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். குனிந்து பார்க்கிற பிள்ளையின் கண் பாட்டில் வாய்க்கு நேராக இருக்கும்.

தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடிக் குச்சி வழியே விட்டுக் கலக்க வேண்டும். இந்த விதி எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் கை அதைப் பழகியிருக்க வேண்டும். பதற்றமான நேரத்தில் மூளை மறந்தாலும் கை மறக்காது.

இன்னொரு விஷயம், அமில ஆவி பட்டுப்பட்டு பாட்டில் லேபிள்கள் அரித்துப்போகும். நீர்த்த அமிலமும் அடர் அமிலமும் பக்கத்துப் பக்கத்தில், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் சேர்க்க வேண்டியது நீர்த்த கந்தக அமிலம். பெர்மாங்கனேட் படிகத்தின் மேல் அடர் அமிலம் பட்டுவிட்டால் வெடிக்கக்கூடிய பொருள் உருவாகும். லேபிள் இல்லாத பாட்டில் ஒன்றுகூட மேசையில் இருக்கக் கூடாது.

பட்டுக்கு வருவது கண்ணுக்கும் வரும்

ஆசிட் என்றால் எல்லோரும் பயப்படுவார்கள். காரத்துக்குப் பயப்படுவதில்லை. ஆனால் காரம் எவ்வளவு பொல்லாதது என்பதைப் பட்டு நெய்கிற நம் ஐயம்பேட்டைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கச்சாப் பட்டின் மேல் செரிசின் என்ற பசை இருக்கிறது. சாயம் ஏறுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அந்தப் பசையை எடுக்கிறார்கள். பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே போய்விடும். சோடா கூடிப்போனால் என்ன ஆகும் என்று சாயப்பட்டறையில் கேட்டுப்பாருங்கள். பளபளப்பு போய்விடும், இழை நைந்துவிடும், தறியில் ஏற்றினால் அறுந்துகொண்டே இருக்கும். பட்டு ஒரு புரதம், காரத்துக்குப் புரதம் இரை. அதனால்தான் இந்த நாசம்.

நம் தோலும் புரதம்தான். கருவிழியின் முன்னால் இருக்கிற கண்ணாடி போன்ற படலத்தின் கட்டுமானமும் புரதம்தான். சாயப்பட்டறைச் சோடாவைவிடப் பல மடங்கு வீரியமான சோடியம் ஹைட்ராக்சைடைத்தான் பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டில் ஊற்றுகிறார்கள். பியூரெட்டை நிரப்பும்போது பிள்ளை அண்ணாந்து பார்க்கும். ஒரு சொட்டு தவறினால் நேராகக் கண்ணுக்குள் போகும்.

அமிலம் பட்டால் அந்த இடத்துப் புரதம் உறைந்து, ஓரளவுக்குத் தடுப்பு மாதிரி நிற்கும். காரம் அப்படி நிற்காது. கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே உள்ளே போகும். கையில் பட்ட காரம் வழவழவென்று இருப்பது இதனால்தான். நம் தோலின் கொழுப்புதான் அங்கே சோப்பாகிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் எரிச்சல் தெரியாததால் பிள்ளை பாவாடையில் துடைத்துவிட்டு வேலையைத் தொடரும்.

பீனாலும் இப்படித்தான். கரிமச் சேர்மங்களைக் கண்டறியும் சோதனையில் அது வரும். பட்ட இடம் வெளுத்து மரத்துப்போகும், வலி தாமதமாகத்தான் வரும். நைட்ரிக் அமிலம் பட்டால் தோல் மஞ்சளாகும். பட்டு நூலில் ஒரு சொட்டு விட்டாலும் அதே மஞ்சள் வரும், ஏனென்றால் இரண்டிலும் இருப்பது புரதம். உயிரியலையும் வேதியியலையும் ஒரே நூலில் காட்ட இதைவிட நல்ல பாடம் உண்டா? நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த நூல் வீட்டிலேயே கிடைக்கிறது. ஆசிரியர் ஒரு துண்டு கழிவுப் பட்டை எடுத்து, சூடான காரத்தில் அது கரைவதைத் தன் கையாலேயே ஒருமுறை செய்துகாட்டினால் போதும். பிறகு கண்ணாடி போடு என்று எவரும் அதட்ட வேண்டியிருக்காது.

வாயால் உறிஞ்சாதே

20 மி.லி. பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. ஆக்சாலிக் அமிலக் கரைசலையே அப்படி உறிஞ்சுகிறார்கள். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தைப் பதம்பார்க்கிற நஞ்சு. பிப்பெட் நுனி கரைசலுக்கு மேலே வந்துவிட்டால் காற்றோடு சேர்ந்து திரவம் சட்டென்று வாய்க்குள் ஏறும். ரப்பர் பல்பு வாங்கப் பெரிய பணம் ஆகாது. அது இல்லாத பள்ளியில் அளவுக் குடுவையால் அளக்கட்டும். துல்லியம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆல்டிஹைடைக் கண்டறிய வெள்ளிக் கண்ணாடிச் சோதனை செய்வார்கள். சோதனைக் குழாயின் உட்புறம் பளபளவென்று வெள்ளி படியும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்கான டாலன்ஸ் கரைசலை அந்தந்த நேரத்தில் தயாரித்து, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். நாளைக்கும் ஆகட்டும் என்று பாட்டிலில் வைத்தால், நாளாக ஆக வெடிக்கும் தன்மையுள்ள வெள்ளிச் சேர்மம் அதில் உண்டாகும். ‘மிச்சம் பிடிக்கிற’ பழக்கத்துக்கு ஆய்வகத்தில் இடமில்லை.

நெருப்பும் யூனிஃபார்மும்

ஸ்பிரிட் விளக்கில் எரிபொருள் தீர்ந்தால், திரி எரிந்துகொண்டிருக்கும்போதே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் சுடர் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஊற்றுவார்கள். சுடர் தாரை வழியே ஏறி, கையிலிருக்கும் பாட்டிலுக்குள் போய்விடும்.

அமெரிக்காவில் உப்புகளை மெத்தனாலில் எரித்துப் பல நிறச் சுடர் காட்டுவது பள்ளிகளில் பிரபலம். 2006இல் அப்படி ஒரு வகுப்பில் தீக்காயம் பட்ட மாணவியின் கதையை அந்நாட்டு ரசாயனப் பாதுகாப்பு வாரியம் படமாக்கி, 2013 டிசம்பரில் வெளியிட்டது. அடுத்த மாதமே, 2014 ஜனவரி 2ஆம் தேதி, நியூயார்க் பள்ளி ஒன்றில் அதே செய்முறையில் அதே விபத்து. எச்சரிக்கை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

துணி விஷயத்திலும் நம் ஊர் அறிவு கைகொடுக்கும். நிஜப் பட்டா என்று பார்க்க ஓர் இழையைக் கொளுத்துகிறோம். பட்டு என்றால் முடி கருகும் வாசனையோடு பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் உருகி, கெட்டியான மணியாக உருளும். பிள்ளைகளின் யூனிஃபார்ம் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தது. தீப்பிடித்தால் அந்த உருகிய மணி தோலில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் தோலோடு வரும். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ரசாயனம் சிந்தி, 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் தீக்காயமடைந்து சில வாரங்களில் இறந்துபோனார். ஆய்வகக் கோட்டு போடவில்லை. அணிந்திருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர்.

வெள்ளைக் கோட்டு வாங்க முடியாவிட்டால் அப்பாவின் பழைய முழுக்கைப் பருத்திச் சட்டையை யூனிஃபார்முக்கு மேல் போட்டு அனுப்புங்கள். துப்பட்டாவைக் கழற்றி வைக்கட்டும். சடையை மடித்துக் கட்டட்டும். பாதத்தை மூடுகிற செருப்போ ஷூவோ கட்டாயம்.

உயிரியலிலும் இயற்பியலிலும்

ரத்த வகை பார்க்க ஒரே ஊசியால் இரண்டு பேருக்குக் குத்தினால் ஹெபடைட்டிஸ்-பி, எச்.ஐ.வி. எல்லாவற்றுக்கும் வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. ஸ்பிரிட்டில் துடைத்தேன் என்பது சமாதானமாகாது. ஆளுக்கொரு புது லான்செட், குத்திய பிறகு அதற்கென்று வைத்த டப்பாவில் போட வேண்டும். இல்லையென்றால் அந்தச் சோதனையே வேண்டாம்.

மாதிரி உயிரினங்கள் மிதக்கிற ஜாடிகளில் இருப்பது ஃபார்மலின். அதன் ஆவியான ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. மூடி விரிசல் விட்ட ஜாடிகளோடு ஓர் ஆண்டு அடைபட்டிருந்த அறையைத் திறந்ததும் உள்ளே கண் எரிந்தால், காரணம் தூசி மட்டுமல்ல. முதல் நாள் எல்லா ஜன்னலையும் திறந்து போட்டுவிட்டுத்தான் பிள்ளைகளை உள்ளே விட வேண்டும். நுண்ணோக்கியின் கண்ணாடியை நேரே சூரியனை நோக்கித் திருப்பினால் விழித்திரை பொசுங்கும். வானத்தின் பொதுவான வெளிச்சமே போதும்.

இயற்பியல் ஆய்வகத்தில் பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் பிள்ளைகள் பாதரச உருண்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டி விளையாடுவார்கள். பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரியவந்து, 2001இல் அந்த ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல். பதினைந்து ஆண்டுப் போராட்டம் அது. பாதரசம் சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பெருக்கினால் அது பொடிப்பொடியாகச் சிதறும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு தாள் அட்டைகளால் ஒதுக்கி, தண்ணீர் உள்ள பாட்டிலில் சேர்த்து மூடுங்கள். தங்கம், வெள்ளி எதில் பட்டாலும் அதோடு கலந்துவிடும். ஜரிகை இருக்கிற வீட்டுக்குள் அதைப் பையில் போட்டு எடுத்துவருவது இரட்டை நஷ்டம்.

கண்காட்சி எரிமலை

அறிவியல் கண்காட்சியில் ஆரஞ்சுப் படிகத்தைக் கொளுத்தி, பச்சைச் சாம்பல் பொங்குகிற ‘எரிமலை’ செய்வார்கள். பார்க்க அற்புதமாக இருக்கும். அந்தப் படிகம் அம்மோனியம் டைகுரோமேட். எரியாமல் மிஞ்சிய தூசியில் இருப்பது புற்றுநோய் தரும் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று லட்சம் டன்னுக்கும் மேல் கழிவை விட்டுப்போய், நிலத்தடி நீரைக் கெடுத்த கதை பாலாற்றங்கரைக்காரர்களுக்குத் தெரியும். அந்த நஞ்சும் இதே இனம்தான். சமையல் சோடாவும் வினிகரும் போட்டு எரிமலை செய்யட்டும், பரிசு குறைந்தாலும் பரவாயில்லை.

வீடியோ பார்த்து வீட்டில் ‘எக்ஸ்பெரிமென்ட்’ செய்வதும் பெருகிவிட்டது. பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. சின்னக் குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

பட்டுவிட்டால்?

- கண்ணில் எது பட்டாலும் உடனே ஓடும் தண்ணீர். இமையை விரித்துப் பிடித்து 20 நிமிடமாவது கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.
- தோலில் பட்டாலும் அதே தண்ணீர்தான். ரசாயனம் பட்ட துணியைக் கழற்றுங்கள். உருகி ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.
- ஆசிட்டுக்குக் காரம், காரத்துக்கு ஆசிட் என்று தோலின் மேல் வேதியியல் செய்யாதீர்கள். அதில் எழும் வெப்பம் புதுப் புண்ணை உண்டாக்கும்.
- பேனா மை, பேஸ்ட், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம்.
- விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன வழியையே திரும்ப எரித்துக்கொண்டு வரும்.
- 108ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையோ லேபிளின் படத்தையோ கூடவே எடுத்துப்போங்கள். எது பட்டது என்று டாக்டருக்குத் தெரிவது பாதி சிகிச்சை.

இந்த வாரமே செய்ய வேண்டியது

“சின்னப் பசங்களை எதுக்கு ஆசிட்டைத் தொட விடணும்? லேபை மூடிடுங்க” என்று கிளம்பிவிடாதீர்கள். மூடி வைத்ததால்தான் இந்த ஆபத்தே வந்தது. ஜூன் மாதம் தண்ணீரை அளக்கப் பழகி, ஜூலையில் விளக்கு பற்றவைத்து, ஆகஸ்டில் நீர்த்த அமிலம் தொட்ட பிள்ளை, பிப்ரவரியில் பதறாது. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் ஒதுக்கி 2020இல் சட்டம் வந்திருக்கிறது. அந்த வாய்ப்பில் உள்ளே போகிற பிள்ளைக்கு ஊசியும் கத்தியும் நுண்ணோக்கியும் கையில் வந்து சேரும்போது, பள்ளியில் பழகிய கைதான் துணை நிற்கும்.

அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்தில் போய் உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள். தனியார் பள்ளி என்றால் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

ஆய்வகக் குழாயில் தண்ணீர் வருகிறதா? மேசைக்கு எத்தனை பிள்ளைகள்? ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி உண்டா? பிப்பெட்டுக்கு ரப்பர் பல்பு இருக்கிறதா? தீயணைப்பான் எந்தத் தேதியில் நிரப்பியது? ஆய்வகத்தின் இரண்டாவது கதவுக்கு முன்னால் உடைந்த பெஞ்சுகள் அடுக்கிக் கிடக்கின்றனவா? 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மாநிலம் இது. வெளியேறும் வழியைப் பற்றிக் கேட்பதற்கு நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

தலைமை ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற தொனியில் கேட்க வேண்டாம். “என்ன குறைகிறது சார், நாங்கள் என்ன வாங்கித் தரட்டும்?” என்று கேளுங்கள். ஐம்பது கண்ணாடிகள், பத்து ரப்பர் பல்புகள், புது லேபிள்கள் இவ்வளவும் ஒரு பட்டுச் சேலையின் விலைக்குள் அடங்கிவிடும். செய்முறைத் தேர்வுக்கு முன் குறைந்தது நான்கு பயிற்சி வகுப்பு, ஒரு வகுப்புக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று எழுதி வாங்குங்கள். தேதி குறிக்காமல் கூட்டத்திலிருந்து எழுந்து வராதீர்கள்.